இன்ஜின் ரூம் பெயிண்டில் விழுந்த குழிகள்: என் அனுபவம்

காரைக்குடியில் ஒரு பழைய பிரீமியர் பத்மினி காரைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். அந்த 1089 சிசி இன்ஜினை இறக்கிவிட்டு, ஒயர்களை ஃபெண்டருக்குள் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) மறைத்து, இன்ஜின் ரூமுக்கும் பாடியின் வெள்ளையையே அடிக்கத் திட்டம். பாடி பளிச்சென்று வந்தது. உள்ளே ஃபயர்வாலில் (இன்ஜினையும் ஆட்கள் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு) மட்டும் மிளகு அளவுக்கு வட்டக் குழிகள். பெயிண்ட் விலகி நடுவில் அடிப்பூச்சான பிரைமர் தெரிந்தது.

பட்டறை அண்ணன், "வெயில்தான் தம்பி, தின்னரை மாத்துவோம்" என்றார். மாற்றினோம், பலனில்லை. பெயிண்ட் ஸ்ப்ரேக்குக் காற்று தரும் கம்ப்ரஸரின் டேங்கில் தண்ணீரை வடித்து, ஃபில்டரும் போட்டோம். அதே குழி. வாட்டர் பேப்பரில் தேய்த்து அடித்தால் இன்னும் கூடியது.

அப்புறம்தான் கவனித்தேன்: குழிகள் எல்லாம் ரப்பர் ஹோஸ்கள் இருந்த இடத்தைச் சுற்றியே இருந்தன. கழற்றிய ஹோஸ்களில் வழுவழுவென்று ஒரு மினுமினுப்பு. விற்பதற்கு முன் யாரோ சிலிகோன் பாலிஷ் அடித்திருக்கிறார்கள். அது பட்ட இடத்தில் பெயிண்ட் பரவாமல் விலகிக் குழி விழும். முதலில் துடைக்காமல் தேய்த்தால், அந்தச் சிலிகோன் கீறல்களுக்குள் இறங்கிவிடும்.

அதனால் வரிசையை மாற்றினோம். முதலில் சோப்புத் தண்ணீர். அடுத்து, மெழுகும் எண்ணெய்ப்பசையும் நீக்கும் கிளீனரில் நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தோம். காயவிட்டால் அழுக்கு அங்கேயே தங்கிவிடும். தகடு ஒட்டும் இடுக்குகளுக்குப் பிரஷ். இவ்வளவுக்கும் பிறகுதான் தேய்த்தோம், மறுபடி துடைத்தோம். முதல் கோட்டைப் பனி போல மெல்லிசாக அடித்துக் காயவிட்டோம். ஒரு குழிகூட விழவில்லை, நிம்மதி. பழைய ஹோஸ்களைத் திரும்ப மாட்டவில்லை, புதிது வாங்கிவிட்டேன்.