ஓவியம், டிசைன் பாக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு சில வார்த்தைங்க

அம்பது வார்த்தைய மனப்பாடம் பண்ண வேணாம், மொதல்ல ஒன்னே ஒன்னு புடிச்சிக்கோங்க, வேல்யூ. விலை இல்லங்க, ஒரு கலர் எவ்ளோ வெளிச்சமா இருக்கு எவ்ளோ இருட்டா இருக்குங்கிறதுதான் வேல்யூ. ஹ்யூன்னா அது செவப்பா நீலமாங்கிறது, சாச்சுரேஷன்னா அந்த கலர் பளிச்சுன்னு இருக்கா சாயம்போன மாதிரி இருக்காங்கிறது. இந்த மூணையும் போட்டு கொழப்பிக்கிறதாலதான் பாதி பேருக்கு கலர் பத்தின பேச்சே புரியறதில்ல.

படிச்சா மண்டைல ஏறாது, செஞ்சு பாருங்க. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872ல வரைஞ்ச 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' படத்த போன்ல எறக்கிக்கோங்க (இம்ப்ரெஷனிசம்ங்கிற ஓவிய பாணிக்கு பேரு வந்ததே இந்த படத்தாலதான்). பனி மூட்டமா ஒரு துறைமுகம், நடுவுல ஆரஞ்சு கலர்ல சூரியன், மொத பார்வையே அங்கதான் போகும். இப்ப எடிட்ல போய் சாச்சுரேஷன முழுசா கொறைச்சிடுங்க. சூரியன் எங்க? கிட்டத்தட்ட காணாம போயிருக்கும், ஏன்னா சூரியனுக்கும் சுத்தி இருக்கிற வானத்துக்கும் வேல்யூ ஏறக்குறைய ஒன்னுதான், ஹ்யூ மட்டும்தான் வேற, அதனாலதான் கலர்ல பாக்கும்போது அந்த சூரியன் லேசா துடிக்கிற மாதிரி தெரியுது. போன் கையில இல்லன்னா கண்ண பாதி மூடிட்டு பாருங்க, வேல்யூ மட்டும் ஓரளவு தெரியும்.

அடுத்தது நெகட்டிவ் ஸ்பேஸ். பொருள சுத்தி இருக்கிற காலி எடம், ஆனா சும்மா கெடக்கிற எடம் இல்ல. 1994ல வந்த ஃபெடெக்ஸ் (FedEx) கூரியர் கம்பெனி லோகோல பெரிய 'E'க்கும் 'x'க்கும் நடுவுல வெள்ளையா ஒரு அம்பு இருக்கும், அத யாரும் தனியா வரையல, ரெண்டு எழுத்துக்கும் நடுவுல விட்ட எடம்தான் அது. நான் மொதல்ல பண்ண போஸ்டர்ல நாலு மூலையிலயும் எதையாவது அடைச்சு வச்சேன், காலியா விட்டா சோம்பேறின்னு நெனைப்பாங்களோன்னு ஒரு பயம் வேற.

கம்போசிஷன்னா எத எங்க வைக்கிறதுங்கிறது, கண்ணு போய் நிக்கிற எடம் ஃபோகல் பாயின்ட். ஜப்பான் ஓவியர் ஹொகுசாயோட பெரிய அலை படத்துல, 1831 வாக்குல வந்தது, வெரல வச்சு உங்க கண்ணு போற வழிய தடவிப் பாருங்க. அலையோட வளைவுல ஏறி, நகம் மாதிரி இருக்கிற நொரையில திரும்பி, கீழ குட்டியா இருக்கிற ஃபுஜி மலைல போய் விழும். அவ்ளோ பெரிய மலைய அலைய விட சின்னதா காட்டினாரே, அதுக்குப் பேரு ஸ்கேல்.

மிச்சத்த சுருக்கமா சொல்லிடறேன். வெறும் வட்டம் ஷேப், நெழல் குடுத்து பந்தாக்கினா ஃபார்ம். டெக்ஸ்ச்சர்னா சொரசொரப்பு வழவழப்பு. கெர்னிங்னா பக்கத்து பக்கத்து எழுத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளிய சரி பண்றது. கான்ட்ராஸ்ட் கலர்ல மட்டும் வராது, பெருசு பக்கத்துல சின்னது வச்சாலும் கான்ட்ராஸ்ட்தான்.

இனிமே எந்த படத்த பாத்தாலும் 'சூப்பர்'க்கு பதிலா ஒரு வரி சொல்லிப் பாருங்க, "பின்னாடி எல்லாம் ஒரே வேல்யூ, மூஞ்சி மேல மட்டும் கான்ட்ராஸ்ட் ஜாஸ்தி, அதான் கண்ணு அங்க போகுது"ன்னு.