பாங்காக் புறநகரில் காண்டோ வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாங்காக்கின் மையப்பகுதி விலை கட்டுப்படியாகாதவர்கள் ஆன் நுட், பாங் நா, பாங் வா, மின் பூரி என்று தள்ளிப்போய் காண்டோ (அடுக்குமாடி வீடு) தேடுகிறார்கள். தேடலாம். ஆனால் அங்கே உங்களிடமிருந்து பின்னாளில் வாங்கப்போகிறவரும், வாடகைக்கு வரப்போகிறவரும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்தான். அவர் எதைப் பார்ப்பாரோ அதைத்தான் நீங்களும் பார்க்க வேண்டும்.

அவர் முதலில் பார்ப்பது ரயில் நிலையத்துக்கு நடந்து போக முடியுமா என்பதை. விளம்பரத்தில் 'ஆன் நுட்' என்று போட்டிருப்பதை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். சுகும்விட் சாலையின் 77-வது சோய்தான் (கிளைத் தெருதான்) ஆன் நுட் சாலை. அது நிலையத்தருகே தொடங்கி கிழக்கே பல கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் கோடியில் இருக்கும் கட்டடத்துக்கும் அதே பெயர்தான். மழை நாளில், மாலை 6 மணிக்கு, நிலையத்திலிருந்து கட்டட வாசல் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் போனால் சோயில் தண்ணீர் தேங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும். 2011 வெள்ளத்தில் டான் முவாங், லாக் சி பகுதிகள் மூழ்கின. அந்தப் பக்கம் வாங்குகிறவர்கள் இதை அக்கம்பக்கத்தில் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

வரப்போகும் ரயிலுக்காக இன்றே கூடுதல் விலை கொடுப்பதும் தவறு. மின் பூரி வரை போகும் ஆரஞ்சு ரயில் பாதையின் கிழக்குப் பகுதியில் கட்டுமானம் முடிந்த பிறகும் ரயிலுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

பலரும் சறுக்குவது பணம் அனுப்புவதில். வெளிநாட்டவர் பெயரில் காண்டோவைப் பதிய வேண்டுமானால், தொகை டாலர் போன்ற அந்நிய நாணயமாகவே தாய்லாந்துக்குள் வந்து, அங்குள்ள வங்கியில் தாய்லாந்து நாணயமான பாட் ஆக மாற வேண்டும். சென்னையிலேயே பாட் ஆக மாற்றி அனுப்பினால் நிலப் பதிவு அலுவலகத்தில் சிக்கல்தான். 50,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் வங்கி அந்நியச் செலாவணிப் படிவம் தரும். குறைவாக வந்தால் வரவுக்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அனுப்பும் நோக்கம் 'காண்டோ வாங்க' என்றும், பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியும் இருக்கட்டும். பின்னாளில் விற்ற பணத்தை வெளியே கொண்டுபோகவும் இதே தாள் வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்) திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். மனைவியின் வரம்பையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பத்திரத்தில் அவர் பெயரும் வர வேண்டும்.

ஒரு காண்டோ கட்டடத்தில் உள்ள வீடுகளின் மொத்தப் பரப்பில் 49% வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். புறநகரில் அது நிரம்புவது அபூர்வம். இருந்தாலும் இன்னும் இடம் இருக்கிறது என்று கட்டட நிர்வாக அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிலத்தோடு வீடு என்று ஆசைப்பட்டு உள்ளூர்க்காரர் பெயரில் பினாமியாக வாங்குவது சட்டவிரோதம். குத்தகை என்றால் பதிவாவது அதிகபட்சம் 30 ஆண்டு. 'இன்னும் 30 தருவோம்' என்ற வாய்ப்பேச்சுக்கு விலை கொடுக்காதீர்கள். நாள் வாடகைக் கணக்கும் போடாதீர்கள், 30 நாளுக்குக் குறைவாக விட ஓட்டல் உரிமம் வேண்டும்.

பழைய காண்டோ என்றால் பராமரிப்புக் கட்டணப் பாக்கி இல்லை என்ற சான்று இல்லாமல் பதிவு நடக்காது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பின் பொறியாளர் கட்டடத்தைச் சோதித்த அறிக்கையையும் கேளுங்கள். பதிவுக் கட்டணம் அரசு மதிப்பில் 2%. விற்பவர் வாங்கி 5 ஆண்டு ஆகவில்லை என்றால் 3.3% தனி வரியும் உண்டு. எதை யார் கட்டுவது என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.