பலமாக உதைக்கும் வேட்டை ரைபிளை மணல்பையில் வைத்துச் சுடுவது எப்படி?

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் நீரெருமை வேட்டைக்குச் செல்வதற்காக .375 எச் அண்ட் எச் மேக்னம் ரைபிள் ஒன்றை வாங்கி, அதன் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) சரிபார்க்கச் சுடுதளத்துக்குக் கொண்டுபோன முதல் நாளிலேயே, உதை குறைந்த .308 ரைபிளில் பல ஆண்டுகளாகப் பழகியிருந்த மணல்பை முறை இதற்கு உதவாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது தோட்டாவில் துப்பாக்கி, அதன் முன்பகுதியைத் தாங்கும் மணல்பையான முன்பையை விட்டு எழும்பியது. ஸ்கோப்பின் விளிம்பு என் வலப் புருவத்தில் பிறை வடிவத்தில் வெட்டியது. முன்கட்டையின் (குழலைத் தாங்கும் கட்டையின் முன்பகுதி) அடியில் இருந்த, தோள்வாரை மாட்டும் வார்க் கொக்கி பையைக் கிழித்ததால் மணல் மேசையெங்கும் கொட்டியது. அதன்பின் பலமுறை சுடுதளத்துக்குச் சென்று, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எனக்குச் சரியாக அமைந்த முறையை இங்கே எழுதுகிறேன். உரிமமும் சுடுதள விதிகளும் ஸ்கோப் பொருத்தும் முறையும் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் உதையின், அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளுவதன், அளவை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 1912-இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் வெளியிட்ட இந்தத் தோட்டா, 19.4 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு ஏறத்தாழ 770 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. அதன் எதிர்வினையாக, 4 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட துப்பாக்கி நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் உங்கள் தோளை நோக்கி வருகிறது. சாதாரண .308 ரைபிளின் உதையைப்போல இது ஏறக்குறைய இருமடங்கு ஆற்றல். துப்பாக்கியின் எடையைத் தாங்குவது மட்டுமே பையின் வேலை. உதையை வாங்க வேண்டியவை உங்கள் தோளும் கைகளுமே.

பைகளைப் பொறுத்தவரை, நன்றாகச் சலித்துக் காயவைத்த மணலையே நான் நம்புகிறேன். பிளாஸ்டிக் மணிகள் நிரப்பிய இலேசான பைகள் காட்டுக்குத் தூக்கிச்செல்ல வசதியானவை. ஆனால் இத்தகைய துப்பாக்கியின் கீழ் அவை மேசையில் நழுவுகின்றன. பையைக் கல்போல இறுக நிரப்பக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நிற்க வேண்டும். பின்பக்கத்துக்கு, முயல் காதுகளைப்போல இரண்டு மேடுகள் உள்ள சிறு பை போதும். ஈயம் ஏற்றித் துப்பாக்கியை அசையாமல் பிடித்துவைக்கும் இரும்புத் தாங்கியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். துப்பாக்கி பின்னோக்கி நகர வழியில்லாதபோது அந்த விசை முழுவதும் கட்டையிலும் ஸ்கோப்பிலும் இறங்குகிறது. மரக்கட்டையாக இருந்தால் கைப்பிடிக்கு அருகில் வெடிப்பு விடக்கூடும்.

அடுத்து உயரம். மேசைமேல் கவிழ்ந்து சுட்டால் உடல் பின்வாங்க வழியின்றித் தோள் முழு உதையையும் வாங்கும். கண்ணும் ஸ்கோப்பை மிகவும் நெருங்கிவிடும். என் புருவத்தைக் கிழித்தது இந்தக் கவிழ்ந்த நிலைதான். ஆகவே முன்பையின் அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கி, முதுகு நிமிர்ந்த நிலையில் கண் தானாக ஸ்கோப்புக்கு நேராக வரும் உயரத்துக்குப் பையை ஏற்றுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால், உதை வரும்போது இடுப்புக்கு மேற்பட்ட உடல் முழுவதும் துப்பாக்கியுடன் பின்னே சாயும்.

துப்பாக்கியை வைக்கும்போது முன்கட்டை மட்டுமே பையின் மேல் இருக்க வேண்டும். குழல் எதன் மீதும் படக் கூடாது. வார்க் கொக்கி முன்கட்டையின் அடியில் இருந்தால், பையை அதிலிருந்து நன்றாகப் பின்னுக்குத் தள்ளி வையுங்கள், அல்லது அன்றைக்குக் கொக்கியைக் கழற்றிவிடுங்கள். பெரிய தோட்டாக்களுக்கான பல ரைபிள்களில் இந்தக் கொக்கியை முன்கட்டையில் வைக்காமல் குழலில் வளையமாகப் பொருத்தியிருப்பதற்குக் காரணம், உதையில் அது முன்கட்டையைப் பிடித்திருக்கும் கையைக் காயப்படுத்தக் கூடாது என்பதே.

என்னைத் தடுமாற வைத்த படி இடக்கையைப் பற்றியது. .308-இல் இடக்கையைப் பின்பைக்குக் கொண்டுபோய், அதை அமுக்கியும் தளர்த்தியும் குறியை ஏற்றி இறக்குவது என் வழக்கம்; முன்பக்கம் துப்பாக்கி தானாகப் பையில் கிடக்கும். .375-இல் அப்படி விட்டால், பிடியில்லாத முன்பகுதி மேலே துள்ளுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி சில மில்லிமீட்டர் பின்னகர்ந்துவிடுவதால், அது எதன்மேல் கிடக்கிறது, எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் குண்டு விழும் இடத்தை மாற்றுகின்றன. பையின் மேல் என் கை, கையின் மேல் முன்கட்டை என்று வைத்து, முன்கட்டையை உறுதியாகப் பற்றித் தோளை நோக்கி இழுத்துப் பிடித்த பிறகே என் குறிகள் ஒரே இடத்தில் விழத் தொடங்கின. முன்பு மேசையில் சரிசெய்த துப்பாக்கி, முக்காலித் தாங்குகோலில் வைத்துச் சுட்டபோது 100 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் விலகியது. இப்போது அந்த வேறுபாடு இரண்டு விரற்கடைக்குள் அடங்கிவிட்டது.

இடக்கை முன்னே போய்விட்டால் உயரத்தைச் சரிசெய்வது எப்படி? பின்பையை நகர்த்தியே சரிசெய்யலாம். கட்டையின் அடிப்பகுதி சரிவாக இருப்பதால், பையைத் தோள்பக்கம் தள்ளினால் கட்டை உயர்ந்து குழல்முனை தாழும். கைப்பிடிப் பக்கம் தள்ளினால் குழல்முனை உயரும். குறி ஏறக்குறைய பொருந்தியதும் மீதியை முன்கட்டையைப் பற்றியிருக்கும் இடக்கையால் சரிசெய்துகொள்ளலாம்.

சுடும்போது காதடைப்பானைச் செருகி, அதன்மேல் காதுறையையும் அணியுங்கள். வெற்றுத் துப்பாக்கியில் பத்து முறையாவது விசையை அழுத்திப் பழகுங்கள். பிறகு நண்பர் ஒருவரிடம் உண்மைத் தோட்டாவையும் போலித் தோட்டாவையும் உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி இடச் சொல்லுங்கள். போலித் தோட்டாவில் குழல்முனை குலுங்கினால், நீங்கள் உதைக்கு அஞ்சி முன்கூட்டியே உடலை இறுக்குகிறீர்கள் என்று பொருள். மூன்று தோட்டாக்களுக்கு ஒருமுறை குழலை ஆறவிடுங்கள். ஒரு நாளில் 12 தோட்டாக்களுக்கு மேல் நான் சுடுவதில்லை, ஏனெனில் அதன்பின் வரும் பிழைகள் தோள்வலியின் பிழைகளே. கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு; ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு எம்.ஓ.ஏ.) அளவுள்ள ஸ்கோப்பில், திருகைத் திருப்பும் ஒரு சொடுக்கு குண்டு விழும் இடத்தை 100 மீட்டரில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நகர்த்தும். மேசையில் சரிசெய்த பிறகு, வேட்டையில் எந்தத் தாங்குகோலைப் பயன்படுத்துவீர்களோ அதில் வைத்துச் சுட்டே இறுதி முடிவுக்கு வாருங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், மழைக்காலத்தில் தம் குறிகள் மெல்ல மெல்ல மேலேறிச் செல்வதாக எழுதியிருந்தார். பையை எடுத்துப் பார்க்கச் சொன்னேன்; உள்ளே மணல் ஈரத்தில் இறுகிக் கட்டியாகியிருந்தது. பையைக் காரின் பின்பெட்டியில் நிரந்தரமாகப் போட்டுவைப்பவர்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மணலைக் கொட்டி வெயிலில் உலர்த்தி மீண்டும் நிரப்புங்கள்.