வீட்டு ஆமைக்கு யூவிபி விளக்கு: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது

புதுச்சேரியிலும் கடலூரிலும் மொட்டை மாடியோ முற்றமோ இருந்தால் முதல் விளக்கு சூரியன்தான். காலை எட்டரை முதல் பத்து வரை, பாதி இடத்தில் நிழல் இருக்கும்படி பார்த்து ஆமையை உலவ விடுங்கள். ஏழு மணி வெயில் உடம்பைச் சூடாக்கும், ஆனால் அதில் யூவிபி, அதாவது ஆமைக்குத் தேவையான புற ஊதாக் கதிர், மிகக் குறைவு. மூடிய ஜன்னல் கண்ணாடி வழியே விழும் வெயிலால் பயனே இல்லை. விளக்கு தேவைப்படுவது ஃபிளாட்வாசிகளுக்கும், ஐப்பசி கார்த்திகையில் வானம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும்போதும்தான்.

யூவிபி தோலில் பட்டுத்தான் ஆமையின் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகிறது. டி3 இல்லாவிட்டால் கணவாய் ஓட்டைக் கிலோ கணக்கில் போட்டாலும் கால்சியம் எலும்பில் சரியாகச் சேராது. வளர்ந்த ஆமையின் ஓடு அழுத்தினால் நெகிழ்ந்தாலோ, உடம்பைத் தூக்காமல் இழுத்து நடந்தாலோ விளக்கை நம்பிக் காத்திருக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

வாங்கும்போது ‘யூவி’ என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. மீன் தொட்டிக் கடைகளில் தண்ணீர் சுத்திகரிக்க விற்பது யூவிசி குழாய். 254 நானோமீட்டர் கதிர், ஆமையின் கண்ணையும் தோலையும் எரித்துவிடும். பூச்சிப் பொறியின் நீல டியூபில் வருவது யூவிஏ மட்டும். மலிவான ‘யூவிபி எல்ஈடி’ பல்புகளில் பெரும்பாலும் வெறும் வெளிச்சம்தான். சுருள் சிஎஃப்எல் வகையில் கதிர் ஒரு சிறு வட்டத்தோடு நின்றுவிடும், ஆமையோ நடந்துகொண்டே இருக்கும். ஆகவே எங்கள் தேர்வு ஊர்வனவற்றுக்கென்றே வரும் டி5 ஹெச்ஓ (மெல்லிய, அதிக ஒளி தரும் வகை) நீள டியூப். 24 வாட் டியூப் சுமார் 55 செ.மீ., 39 வாட் சுமார் 85 செ.மீ. நீளம், கூண்டின் நீளத்தில் பாதிக்குக் குறையாமல் எடுங்கள். டியூபில் யூவிபி சதவீதம் போட்டிருக்கும்: வெயில் விரும்பும் ஆப்பிரிக்க ஆமையான சல்காட்டாவுக்கு 10–12 சதவீதம், நிழல் விரும்பும் செங்கால் ஆமைக்கு 5–6 சதவீதம். சூடும் யூவிபியும் சேர்த்துத் தரும் மெர்குரி வேப்பர் பல்பு இந்த ஊருக்கு ஒத்துவராது. சித்திரை வெக்கையில் கூண்டு அடுப்பாகிவிடும். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் ஆறிய பிறகே மறுபடி எரியும்.

டியூபை நேர் மேலே மாட்டுங்கள். பக்கவாட்டில் மாட்டினால் கதிர் நேராகக் கண்ணில் அடித்து இமை வீங்கும். 12 சதவீத டியூபுக்கு, ஓட்டின் உச்சியிலிருந்து 40–45 செ.மீ. உயரம், தரையிலிருந்து அளக்காதீர்கள். 6 சதவீதத்துக்கு 25–30 செ.மீ. இந்தக் கணக்கு, பின்னால் அலுமினிய ரிஃப்ளெக்டர் இருந்து, குறுக்கே கம்பி வலை இல்லாதபோதுதான். வலை மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தடுத்துவிடலாம். கண்ணாடி, அக்ரிலிக் மூடி கூடவே கூடாது. சூடு தரும் பல்பும் அதே பக்கம், மறுபக்கம் முழு நிழல். டைமரில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் போதும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 120 வோல்ட் பொருளா என்று பாருங்கள். நம் 230 வோல்ட்டில் போட்டவுடன் போய்விடும். குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று டியூபின் பின்களை அரிக்கும். மாதம் ஒருமுறை இணைப்பைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். மாட்டிய தேதியை டியூபின் ஓரத்தில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். பன்னிரண்டு மாதத்தில், பளிச்சென்று எரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். வெளிச்சம் நிற்கும் முன்பே யூவிபி தேய்ந்துவிடும்.

இவ்வளவும் வளர்க்கச் சட்டம் இடம்தரும் ஆமைக்கு. நட்சத்திர ஆமையை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சல்காட்டா போன்ற வெளிநாட்டு ஆமைகளைப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.