உணவுக்குப் பின் நடக்க வேண்டிய நடை

இரண்டாம் வகை நீரிழிவு இருப்பதாக அண்மையில் அறிந்தவர்கள், காலை நடையோடு நிறுத்திவிடாமல், உணவுக்குப் பின்னும், குறிப்பாகச் சோறு மிகுந்த மதிய உணவை முடித்ததும், 10 முதல் 15 நிமிடங்கள் நடப்பது மிகுந்த பயன் தரும். இயங்கும் தசைகள், இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை எடுத்துக்கொள்வதால், சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரையின் வேகம் தணிகிறது. தட்டில் பாதியைக் கீரையாலும் காய்கறிகளாலும் நிரப்பி (உருளைக்கிழங்குப் பொரியல் இக்கணக்கில் சேராது), அவற்றை முதலிலும் சோற்றைக் கடைசியிலும் உண்பதும் துணைசெய்யும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும் என்பதால், மருத்துவரிடம் பேசிய பின்பே அவர்கள் நடையைக் கூட்ட வேண்டும். எந்த மருந்தையும் தாமாக நிறுத்தவே கூடாது. பலனை ஒருநாள் அளவில் தேடாமல், ஏறத்தாழ 3 மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் பாருங்கள்.