பேச்சுக் கோளாறுக்குத் தொண்டையை மட்டும் பார்க்காதீர்கள்

தொண்டை கட்டியதும் மிளகுப் பால் குடித்தால் அது நேராகக் குரல் நாண்களில் பட்டு எரிச்சலை ஆற்றும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படிப் பட்டால்தான் ஆபத்து. அதிர்ந்து ஒலி எழுப்பும் இந்தக் குரல் நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். பால் போவது அதற்குப் பின்னால் இருக்கும் உணவுக்குழாய் வழியாக. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் குரல்வளை மேலே எழும்பும், அதன் மூடி சாயும், நாண்கள் இரண்டும் இறுகச் சேர்ந்து வழியை அடைக்கும். கண்ணாடி முன் நின்று எச்சிலை விழுங்கிப் பாருங்கள், கழுத்தில் அந்த மேடு ஏறி இறங்குவது தெரியும். ஒரு சொட்டு தப்பி அந்தப் பக்கம் போனால் புரையேறி, கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமுகிறோம்.

பால் தொண்டைக்கு இதமாக இருப்பது உண்மைதான், குடியுங்கள். ஆனால் குடித்த தண்ணீர் ரத்தத்தில் கலந்து நாண்களின் மெல்லிய சவ்வை ஈரப்படுத்த நேரம் எடுக்கும். மேடையேறும் நிமிடத்தில் ஒரு சொம்பு குடிப்பதைவிடக் காலையிலிருந்தே குடித்துவருவது நல்லது. நாண்களை நேரே போய்த் தொடுவது நீராவி. அது மூச்சோடு உள்ளே போகிறது.

இந்த நாண்கள் எப்படி அதிர்கின்றன என்பதில் விஞ்ஞானிகளே தடுமாறியிருக்கிறார்கள். ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளை தனித்தனியாக ஒரு கட்டளை அனுப்புகிறது என்று 1950-இல் பிரான்சில் ராவுல் ஹுசான் என்ற ஆய்வாளர் வாதாடினார். பெண்ணின் பேச்சுக் குரலில் நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை மோதும், ஆணுக்கு நூற்றுச் சொச்சம், உச்சஸ்தாயியில் பாடுபவர்களுக்கு ஆயிரத்தைத் தொடும். நரம்பும் தசையும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. மூளை செய்வது நாண்களை அருகருகே கொண்டுவந்து தேவையான அளவு இறுக்குவது மட்டும்தான். மீதியை நுரையீரலிலிருந்து வரும் காற்று பார்த்துக்கொள்கிறது: தள்ளித் திறக்கும், திறந்ததும் அழுத்தம் குறையும், நாண்கள் மறுபடி சேரும். இறந்த உடலிலிருந்து எடுத்த குரல்வளைக்குள் காற்றை ஊதியே ஒலி வரவைத்தார் பிரெஞ்சு மருத்துவர் அந்துவான் ஃபெரைன். அது 1741-லேயே நடந்தது!

சத்தத்துக்கு மூலதனம் காற்று என்பது புரிந்தால் அடுத்த தவறு தானாகத் தெரியும். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று பல ஆசிரியர்கள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். கழுத்தை இறுக்கினால் நாண்கள் பலமாக மோதிக்கொள்வதுதான் மிச்சம். ஒரு மணி நேர வகுப்பில் அவை லட்சக்கணக்கில் மோதுகின்றன. வாக்கியத்துக்கு நடுவே நின்று மூச்செடுத்துப் பேசுவதும், கிடைத்தால் மைக் வாங்குவதும் கௌரவக் குறைச்சல் இல்லை. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் ஸ்பீக்கரும் அலறும்போது அரட்டை அடித்துவிட்டு, மறுநாள் குரல் கம்மியதற்கு ஐஸ்கிரீமைத் திட்டுகிறோம். சுற்றுப்புறச் சத்தம் கூடும்போது நம்மையறியாமல் குரலை உயர்த்துவோம் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே எழுதிவைத்திருக்கிறார். ஐஸ்கிரீம் பாவம்.

குரல் போனவர்கள் கிசுகிசுப்பதும் ஓய்வு இல்லை. பலர் கிசுகிசுக்கும்போது நாண்களுக்கு மேலுள்ள தசைகளைச் சாதாரணப் பேச்சைவிட அதிகமாக இறுக்குகிறார்கள். ஓய்வு என்றால் வாயை மூடுவதுதான். அவசியமென்றால் மெல்லிய, இயல்பான குரலில் நாலு வார்த்தை. "ம்ஹ்ம்" என்று ஓயாமல் தொண்டையைக் கனைப்பதும் வேண்டாம். கனைப்பு நாண்களை உரசிவிடும், உரசிய இடத்தில் மறுபடி சளி சேர்ந்ததுபோல் இருக்கும், மறுபடி கனைப்போம். குரல் கரகரப்பு மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். புகைபிடிப்பவர் என்றால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஜலதோஷம் பிடித்தவரை "மூக்கால் பேசுறான்" என்று கேலி செய்வோம். நடப்பது நேர்மாறு. மூக்கைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட "அப்பா" வரும். "பாட்டி"க்கு ஒன்றும் ஆகாது. ம, ன, ங போன்ற எழுத்துகளுக்கு மட்டும் மேலண்ணத்தின் பின்பகுதி கீழிறங்கிக் காற்றை மூக்குக்கு விடும். மூக்கு அடைத்திருந்தால் அந்தக் காற்றுக்குப் போக்கில்லை. எல்லா எழுத்திலும் காற்று மூக்கு வழியாகக் கசிந்தால் அது வேறு சங்கதி, அண்ணப்பிளவு உள்ள குழந்தைகளிடம் அதைக் கேட்கலாம். அதற்கு அறுவை சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் இருக்கின்றன.

குழந்தை விஷயத்துக்கு வருவோம். இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையென்றால் வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொல்வார்கள், கூடவே தேனும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, அதிலிருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா விஷமாகிவிடும். நாக்குக்கு அடியில் சவ்வு ஒட்டியிருப்பதுதான் காரணம் என்று அதை வெட்டிவிடச் சொல்பவர்களும் உண்டு. அப்படி ஒட்டியிருந்தால் பால் குடிப்பது சிரமப்படலாம், சில எழுத்துகள் தெளிவில்லாமல் போகலாம். ஆனால் பேச்சே வராமல் போவதற்கு அது காரணமில்லை.

முதலில் பார்க்க வேண்டியது காது. கேட்டதைத்தான் குழந்தை சொல்லிப் பழகும், தான் சொன்னதையும் கேட்டுத்தான் திருத்திக்கொள்ளும். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் "ங்ஙா" என்று சத்தம் எழுப்பும், அதை வைத்து வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். கதவைப் படாரென்று சாத்தினால் திரும்புகிறதே என்பார்கள். தரையின் அதிர்வுக்கும் குழந்தை திரும்பும். "இவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று தள்ளிப்போடாமல், ஒலி காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்துவிடுங்கள். குழந்தை தூங்கும்போதே எடுக்கலாம், வலியே கிடையாது. தேவைப்படும் சிறு குழந்தைகளுக்கு, உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே நடக்கிறது. மூளை மொழியைச் சுலபமாக வாங்கிக்கொள்ளும் காலம் ஆரம்ப வருடங்கள்தான் என்பதால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

திக்குவாயைப் பயம் என்றும் கூச்சம் என்றும் சொல்கிறவர்கள், அதே ஆள் பாடும்போது ஏன் திக்குவதில்லை என்று யோசித்ததுண்டா? சேர்ந்து வாசிக்கும்போதும் பலருக்குத் திக்கு குறையும். பேச்சசைவுகளை மூளை வரிசைப்படுத்தி நேரம் குறிப்பதில் இருக்கும் வேறுபாடு அது, பரம்பரைக்கும் அதில் பங்குண்டு. பயம் அதைக் கூட்டும், உண்டாக்காது. "மெதுவா, நிதானமா சொல்லு" என்பதும், அவர் முடிப்பதற்குள் நாமே வார்த்தையை எடுத்துக்கொடுப்பதும் உதவியே இல்லை. வாயைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து, அவர் முடிக்கும்வரை கேட்டால் போதும்.

உயிரோடு விளையாடும் தவறு பக்கவாதத்தில் நடக்கிறது. பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று வாய் குழறுகிறது, அல்லது சம்பந்தமில்லாத வார்த்தைகள் வருகின்றன. களைப்பு, சர்க்கரை, பித்தம் என்று ஏதோ ஒன்றைச் சொல்லிப் படுக்கவைக்கிறார்கள். மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அடைப்பு தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் எடுக்கும் முன் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். பேச்சு குழறுபவருக்கு விழுங்குவதும் குழறலாம்.

பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு தவறு காத்திருக்கிறது: பேச்சு போனவருக்கு அறிவும் போய்விட்டது என்று நினைப்பது. 1861-இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா பரிசோதித்த லெபோர்ன் என்ற நோயாளி, எதைக் கேட்டாலும் "டான், டான்" என்று மட்டுமே சொன்னார். ஆனால் கேள்வி அவருக்குப் புரிந்தது, எண்ணிக்கையை விரல்களால் காட்டினார். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்ததில் இடது முன்பகுதி சிதைந்திருந்தது. பேச்சின் இருப்பிடம் இதுதான் என்று பாடப்புத்தகங்கள் அந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டன. பத்திரப்படுத்தியிருந்த அதே மூளையை எம்.ஆர்.ஐ.யில் படமெடுத்து 2007-இல் வெளியான ஆய்வில், சிதைவு உள்ளே இன்னும் ஆழமாகப் போயிருந்தது தெரிந்தது. பேச்சு ஒரு புள்ளியில் இல்லை, பல இடங்களை இணைக்கும் நரம்புப் பாதைகளில் இருக்கிறது.

ஆகவே அப்படிப்பட்டவர் காதில் போய்க் கத்தாதீர்கள், அவருக்குக் காது கேட்கிறது. அவர் முன்னாலேயே "ஒண்ணும் புரியாது" என்று விருந்தாளியிடம் சொல்லாதீர்கள். ஆமாம், இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லும்படி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். காபியா டீயா என்றால் இரண்டு டம்ளரையும் காட்டிக் கேளுங்கள். சொல் வராமல் தவிக்கிறவருக்குப் பழைய பாட்டு வரி சரளமாக வருவதுண்டு. அப்போது "பாட முடியுது, பேச மாட்டேங்கிறாரே, நடிக்கிறாரா?" என்று சந்தேகப்படாமல் கூடச் சேர்ந்து பாடுங்கள். பேச்சுப் பயிற்சியை மூன்று மாதத்தில் கைவிட்டுவிட வேண்டாம். வருடக் கணக்கில் ஆன பிறகும் முன்னேற்றம் கண்டவர்கள் இருக்கிறார்கள்.