பரலோகத்தைப் பற்றி வேதத்தில் எங்கிருந்து, எப்படிப் படிப்பது

பரலோகத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஆசை வந்ததும் பலர் நேராக வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை (சுருக்கமாக வெளிப்படுத்தல்) திறக்கிறார்கள். பொன் வீதி, முத்து வாசல் என்று கொஞ்ச தூரம் போவதற்குள் எக்காளங்களும் மிருகங்களும் குழப்பிவிட, மூடி வைத்துவிடுகிறார்கள். அங்கே ஆரம்பிக்காதீர்கள். உயிர்த்தெழுந்த இயேசுவில் ஆரம்பியுங்கள். லூக்கா 24, யோவான் 20, 21, இந்த மூன்று அதிகாரங்களையும் முதலில் வாசியுங்கள்.

வாசிக்கும்போது அவருடைய உடம்பைக் கவனியுங்கள். கல்லறை காலி. காயத்தின் அடையாளம் அப்படியே இருக்கிறது, தோமாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். பொரித்த மீனைச் சீஷர்கள் கண் முன்னால் சாப்பிடுகிறார். ஆனால் கதவு பூட்டியிருக்கும்போதே உள்ளே வந்து நிற்கிறார், எம்மாவு வழியில் கூடவே நடந்தவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அதே உடம்புதான், ஆனால் இனிச் சாவு தொட முடியாத உடம்பு. நம்முடைய முடிவும் இப்படித்தான் என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படை. அப்புறம் 1 கொரிந்தியர் 15-ஐ எடுத்து 58 வசனத்தையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். மரித்தோர் உயிர்த்தெழுவதில்லை என்று கொரிந்து சபையிலேயே சிலர் சொன்னதற்குப் பவுல் எழுதிய பதில் அது. விதைக்கப்பட்ட விதைக்கும் முளைத்து வருகிற பயிருக்கும் உள்ள தொடர்பைத்தான் அவர் உதாரணமாகக் காட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் "சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மனதில் மட்டும் மேகத்தின்மேல் மிதக்கிற ஆவிகளின் படத்தை வைத்திருக்கிறோம். அந்தப் படத்தைக் கழற்றி வைக்காமல் மேலே படித்தால் எதுவும் ஒட்டாது.

சரி, அடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம், சாவுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடையில் என்ன நடக்கிறது. வலது பக்கம், உயிர்த்தெழுதலுக்குப் பிறகு என்ன. நீங்கள் சந்திக்கிற ஒவ்வொரு வசனத்தையும் இதில் எந்தப் பக்கம் சேரும் என்று யோசித்து எழுதுங்கள். சிலுவையில் கள்ளனுக்குச் சொன்ன "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வார்த்தை, பிலிப்பியர் 1:23, 2 கொரிந்தியர் 5:8, பலிபீடத்தின்கீழ் இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்கிற ஆத்துமாக்கள் (வெளிப்படுத்தல் 6), இவை இடது பக்கம். 1 தெசலோனிக்கேயர் 4, ரோமர் 8, 2 பேதுரு 3, வெளிப்படுத்தல் 21, 22, இவை வலது பக்கம். நாம் பரலோகம் என்று சொல்லும்போது பெரும்பாலும் இடது பக்கத்தை மட்டும்தான் நினைக்கிறோம். வேதமோ அதைப் பற்றி "கிறிஸ்துவுடனேகூட" என்பதைத் தாண்டி அதிகம் விவரிப்பதில்லை, எழுத்தின் பாரமெல்லாம் வலது பக்கத்தில் இருக்கிறது.

சபைகள் அதிகமாகப் பிரிகிற இடமும் இந்த இடது பக்கம்தான். 1336-இல் போப் பன்னிரண்டாம் பெனடிக்ட், முழுவதும் சுத்திகரிக்கப்பட்ட ஆத்துமாக்கள் கடைசி நாள் வரை காத்திராமல் உடனே தேவனை முகமுகமாய்க் காண்கிறார்கள் என்று அறுதியிட்டார். சுத்திகரிப்பு முடியாதவர்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் என்பது கத்தோலிக்கப் போதனை, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் ஜெபங்களுக்கும் அதுதான் அடிப்படை. சீர்திருத்தச் சபைகள் அதை ஏற்கவில்லை. ஆர்த்தடாக்ஸ் சபையார் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிறார்கள், ஆனால் கத்தோலிக்கர் வரையறுத்த விதத்தில் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஒப்புக்கொள்வதில்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார், உயிர்த்தெழுதல் வரைக்கும் இறந்தவர்கள் உணர்வில்லாமல் நித்திரை செய்கிறார்கள் என்கிறார்கள். நம் ஊரில் ஒரே குடும்பத்தில் அம்மா வழி கத்தோலிக்கர், அப்பா வழி சி.எஸ்.ஐ., சித்தி பெந்தெகொஸ்தே என்று இருப்பது சாதாரணம். அதனால் யார் எந்த வசனத்தை வைத்து என்ன சொல்கிறார்கள் என்பதை நியாயமாக எழுதிக்கொள்ளுங்கள், சண்டைக்கு அல்ல, புரிந்துகொள்வதற்கு.

இப்போது வெளிப்படுத்தல் 21-க்கு வாருங்கள். முதலில் திசையைப் பாருங்கள். மனிதர்கள் மேலே ஏறிப் போகவில்லை, புதிய எருசலேம் வானத்திலிருந்து கீழே இறங்கி வருகிறது, தேவன் மனிதரிடத்தில் வந்து குடியிருக்கிறார். அடுத்து அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 12,000 ஸ்தாதி. ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். இதில் எத்தனை பேர் குடியிருக்கலாம் என்று கணக்குப் போட உட்காராமல், 1 இராஜாக்கள் 6:20-ஐப் புரட்டுங்கள். சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலமும் மூன்று பக்கமும் சமம், 20 முழம். பிரதான ஆசாரியன் ஒருவன் மட்டும் வருடத்துக்கு ஒரு முறை நுழைந்த இடம் அது. இங்கே நகரம் முழுவதுமே அந்த வடிவத்தில் இருக்கிறது. 22-ஆம் வசனத்தில் யோவான் அங்கே ஆலயத்தைக் காணவில்லை என்கிறார், காரணம் புரிகிறதா? தேவனுக்கு முன்பாகப் போக இனித் திரையும் இல்லை, முறையும் இல்லை, எல்லாருமே உள்ளே இருக்கிறார்கள். பொன் வீதியைவிட இந்த ஒன்றில்தான் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

"சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்ற வரி தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைச் சபைகளில் இருக்கிறவர்களுக்கு உறுத்தலாம், கடல்தானே அவர்களுக்குச் சோறு. 13-ஆம் அதிகாரத்தில் மிருகம் எங்கிருந்து எழும்புகிறது என்று பாருங்கள், கடலிலிருந்து. இந்தப் புத்தகத்தில் கடல் தீமை புறப்படுகிற இடம். ஒழிவது அந்தத் தீமை என்றுதான் நான் வாசிக்கிறேன், அலையும் மீனும் அல்ல. பழைய பூமி எரிந்து ஒன்றுமில்லாமல் போகுமா, புதுப்பிக்கப்படுமா என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. 2 பேதுரு 3-ஐ முதல் கட்சியார் காட்டுவார்கள். சிருஷ்டியே அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகும் என்கிற ரோமர் 8:21-ஐ வைத்து நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன்.

முடிவே இல்லாமல் வாழ்ந்தால் சலிக்காதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதட்டாதீர்கள், நல்ல கேள்வி. நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி, தேவன் எல்லையில்லாதவர், அதனால் அவரை அறிவதில் வளர்ச்சிக்கும் எல்லையில்லை என்று எழுதினார். யோவான் 17:3 நித்தியஜீவனைத் தேவனையும் கிறிஸ்துவையும் அறிவது என்றே விளக்குகிறது, அது சாவுக்குப் பிறகுதான் தொடங்கும் என்று சொல்லவில்லை.

பரலோகம் போய்த் திரும்பி வந்தேன் என்கிற யூடியூப் சாட்சிகளை இந்தப் படிப்பில் சேர்க்க வேண்டாம். மூன்றாம் வானம்வரைக்கும் எடுக்கப்பட்ட மனிதனைப் பற்றி எழுதுகிற பவுலே, அங்கே கேட்டது மனிதர் பேசத்தக்கதல்ல என்று நிறுத்திக்கொள்கிறார் (2 கொரிந்தியர் 12). நரகத்தைத் தனியாக வேறொரு நாள், மத்தேயு 25-இல் தொடங்கிப் படியுங்கள், இதோடு கலந்தால் இரண்டும் அரைகுறையாகப் போகும்.

படித்ததைத் துக்க வீட்டில் பயன்படுத்தும்போது மட்டும் நிதானம் வேண்டும். கணவரை இழந்த அக்காவிடம் "கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை" என்ற வசனத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அது உயிர்த்தெழுதலை நம்பாத சதுசேயர் கேட்ட திருமணக் கேள்விக்குப் பதில், அங்கே அன்பு முடிந்துபோகும் என்று இயேசு சொல்லவில்லை. அழாதே என்றும் சொல்லாதீர்கள், லாசருவைச் சில நிமிடத்தில் எழுப்பப் போகிறவரே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். யோவான் 11-ஐ மெதுவாக வாசியுங்கள், பிறகு 1 தெசலோனிக்கேயர் 4:13 முதல் 18 வரை. விளக்கம் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.